மூச்சு சாரின் வயிறு

அந்த மருத்துவமனையில் மூச்சு விடக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். பிறந்த நிமிடத்திலிருந்து யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் செய்துவருகிற காரியத்துக்கு ஓர் ஆசிரியரா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்து, தையல் போட்ட இடம் வலிக்குமே என்று பயந்து, குருவி மாதிரி மேலோடு மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு அடங்கும். அப்போது அவர் கட்டிலருகே வந்து நின்று, "மெதுவா... வயிறு மேலே எழும்பணும்... இழுங்க" என்பார். அவர் படித்த படிப்புக்குப் பெயர் பிசியோதெரபி. நோயாளிகளுக்கு அது வாயில் நுழையவில்லை. மூச்சு சார் என்றே கூப்பிட்டார்கள்.

நல்ல மனிதர். கட்டிலிலிருந்து இறங்குகிறவர்கள் செருப்பைத் தேடி அலையக் கூடாது என்று, போகிற போக்கில் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பி, கால் நுழைக்கத் தோதாக வைத்துவிட்டுப் போவார். யாரும் சொல்லி அவர் இதைச் செய்யவில்லை. இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் அங்கங்கே இருப்பதால்தான் கடவுள் இன்னும் பொறுமையாக இருக்கிறார் என்று நினைக்கத் தோன்றும்.

அவருக்கு ஒரு வயிறு இருந்தது. எல்லோருக்கும் இருப்பதுதான். அவருடையது அவருக்கு முன்னால் அறைக்குள் நுழைகிற வகை. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான், சித்தப்பாக்களுக்கும் அப்படித்தான். குடும்பப் புகைப்படத்தில் ஆண்கள் வரிசையைப் பார்த்தால் பானைக் கடையைப் பார்ப்பது போல இருக்கும். அதற்காக அவர் முன்பெல்லாம் வருத்தப்பட்டதில்லை. தொழிலுக்கு அது உதவியாகக்கூட இருந்தது. ஆண் நோயாளிகளின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார். "பாருங்க, எப்படி மேலே வருது? இப்படித்தான் வரணும்." படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள்கூட அந்த ஏற்ற இறக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கப்பலில் போகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தபடியே பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

பிறகு ஒரு சுவரொட்டி வந்தது. மூச்சுப் பயிற்சியைப் பற்றி மருத்துவமனை ஒரு சுவரொட்டி அடிக்க விரும்பியது. புகைப்படக்காரரை வரவழைத்து, மூச்சு சாரை முன்னால் நிற்கச் சொல்லி, பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, உட்காரச் சொல்லி ஒரு காலைப் பொழுது முழுக்கப் படம் பிடித்தார்கள். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மனைவியிடமும் சொல்லிவைத்திருந்தார். சுவரொட்டி வந்தபோது அதில் அவருடைய இரண்டு கைகள் மட்டும் இருந்தன. கைகளுக்குப் பின்னால் நீல வானம்.

"கை ரொம்ப நல்லா விழுந்திருக்கு" என்றார் மனைவி, ஆறுதலாக.

அன்று சாயங்காலமே மூச்சு சார் கீழே இருந்த மருந்துக் கடைக்குப் போய், வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குக் கட்டுகிற அகலமான எலாஸ்டிக் பெல்ட் ஒன்று வாங்கினார்.

"யாருக்கு சார்?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"மாமாவுக்கு" என்றார் மூச்சு சார்.

அந்த மாமா மூன்று வருடங்களாகக் குணமாகவே இல்லை. பெல்ட் நைந்துபோகிற ஒவ்வொரு முறையும் மூச்சு சார் புதிது வாங்க வருவார். "பாவம், உங்க மாமாவுக்கு வேற ஏதாவது டாக்டரைப் பாருங்க சார். சைஸும் ஏறிக்கிட்டே போகுது" என்று மருந்துக் கடைக்காரர் உண்மையான கவலையோடு சொல்வார். அந்தக் கவலைக்கு நன்றி சொல்லிவிட்டு மூச்சு சார் வேகமாகப் படியேறுவார்.

தினமும் காலையில் பயிற்சிக் கூடத்தை ஒட்டிய சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளேயிருந்து சர்ர்ர் என்று பெல்ட்டின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பிரித்து இறுக்குகிற சத்தம் வரும். வெளியே வரும்போது அவர் பலகை மாதிரி நேராக இருப்பார். பெல்ட்டுக்குத் தக்கபடி சட்டைகளையும் இறுக்கமாகத் தைத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டை நிறுத்தினார். பெல்ட்டுக்குள் சாப்பாட்டுக்கு இடமில்லை. பசி தாங்காமல் சாயங்காலம் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தின கையோடு அதே சாமான் அறையில் நின்றுகொண்டு ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தீர்ப்பார். ஆரோக்கியத்தைப் பற்றி ஊருக்குச் சொல்கிற மனிதர் தன் உடம்பை இப்படி நடத்தினார்.

வீட்டில் மனைவிக்குத் தெரியாதா? முதுகில் ஓடும் சிவந்த கோடுகள் காட்டிக்கொடுத்துவிட்டன.

"என்னங்க இது, பார்சல் கட்டின மாதிரி?"

"நாற்காலி அழுத்தியிருக்கும்."

"எந்த நாற்காலிங்க சுத்தி வளைச்சுக் கட்டிப்பிடிக்குது? எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க."

அவருடைய மனைவி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்கச் சின்னக் குழந்தைகளோடு இருப்பதால் பொய்யைக் கண்டுபிடிப்பதிலும் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதிலும் நல்ல பழக்கம் இருந்தது. காலையில் பூங்காவுக்கு நடக்கப் போகும்போது கணவரையும் கூப்பிடுவார்.

"கொஞ்சம் குறைஞ்சதும் வரேன்" என்பார் மூச்சு சார். "அங்க எல்லாரும் ஒல்லியா ஓடுறாங்க."

"குறைஞ்சதுக்கு அப்புறம் நடக்கிறதுக்கா இப்ப கூப்பிடுறேன்? குளிச்சு முடிச்சிட்டுத்தான் தண்ணில இறங்குவேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

மனைவி மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

இப்படி இருக்கையில்தான் கடைக்காரம்மா வந்து சேர்ந்தார்.

கடைத்தெருவில் ஆணி, குழாய், தாழ்ப்பாள், பெயிண்ட் விற்கிற கடை அவருடையது. ஐம்பதைத் தாண்டிய வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பித்தப்பையில் கல். ஒரு நாள் கடையில் வலி வந்து, வாடிக்கையாளர் கேட்ட குழாயைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர் குழாயையும் வாங்காமல், நாளைக்கு வருகிறேன் என்று ஓடிவிட்டார். "ஆணி விக்கிற எனக்குள்ள கல்லை யாரு கொண்டுவந்து வெச்சது?" என்று கடைக்காரம்மா வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சைக்கு எல்லாம் தயார். மயக்க மருந்து டாக்டர் மட்டும் சம்மதிக்கவில்லை. கடைக்காரம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி இப்போதுதான் சரியாகியிருந்தது. மூச்சு ஆழமாகப் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று குழல்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை. ஒரு குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் உருண்டைகள் மேலே எழும்ப வேண்டும். இரண்டாவது உருண்டையாவது எழும்பினால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும் என்றார் டாக்டர். கடைக்காரம்மா இழுக்கிற இழுப்பில் முதல் உருண்டை கொஞ்சம் அசைந்து, யோசித்து, திரும்பப் படுத்துக்கொண்டது.

பார்க்க வந்த நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு உடம்பை வெச்சுக்கிட்டு மூச்சு எங்கேர்ந்து வரும்? அதுக்கு உள்ள போக வழி வேணாமா?"

"நீ ஒல்லியாத்தானே இருக்கே, நீ இழு பாக்கலாம்" என்று பெட்டியை நீட்டினார் கடைக்காரம்மா.

"எனக்கு எதுக்கு, எனக்கு ஒண்ணும் இல்லையே."

அந்த நேரத்தில் கடைக்காரம்மா சிரித்தார். நாத்தனார் போனதும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு சார் அந்த உருண்டைப் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டார். புதுக் கம்பெனியிடம் வாங்க ஆரம்பித்ததிலிருந்தே இப்படித்தான், யாருக்கும் சரியாக எழும்புவதில்லை என்று தலைமை நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமை நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெட்டி மேல பழி போடாதீங்க சார், அது வாயில்லாத ஜீவன்" என்றார்.

தினமும் காலையில் பயிற்சிக் கூடத்தில் நடக்கக் கூடிய நோயாளிகள் எல்லோரும் நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். எதிரே மூச்சு சார் நிற்பார். கண்களை மூடிக்கொள்வார். கண்ணைத் திறந்திருந்தால் எதிரே இருப்பவர்கள் தன் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். "உள்ளே இழுங்க... விடுங்க... இழுங்க..." அவருடைய குரலில் தாலாட்டு மாதிரி ஒரு இதம் இருக்கும்.

அன்று பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது மயக்க மருந்து டாக்டர் கடைக்காரம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. வாசலில் நின்றார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கூடம் முழுக்க இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே நேரத்தில், தோள் இரண்டையும் காது வரைக்கும் தூக்கினார்கள். பிறகு இறக்கினார்கள். மறுபடி தூக்கினார்கள். யாரோ ஒரு பெரிய கேள்வியைக் கேட்க, கூடமே சேர்ந்து, 'யாருக்குத் தெரியும்?' என்று திரும்பத் திரும்பப் பதில் சொல்வது போல இருந்தது.

"இது என்ன பயிற்சி?" என்றார் டாக்டர்.

முன் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் கண்ணைத் திறந்தார். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்தவர். எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற கொள்கை உள்ளவர். "மூச்சுப் பயிற்சி டாக்டர். மூணு நாளா ஒரு வேளை விடலை. ராத்திரி படுக்கையிலயும் பண்றேன். தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"தோளை ஏன் தூக்கறீங்க?"

"தூக்காம எப்படி? சார் அப்படித்தானே பண்றார்."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தங்கள் ஆசிரியருக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுக்கிற உற்சாகத்தில் பின் வரிசைக்காரர் ஒருவர் இன்னொரு தடவை தூக்கியும் காட்டினார்.

மூச்சு சாருக்கு முகம் வெளுத்தது. "நான் எப்பங்க தோளைத் தூக்கச் சொன்னேன்? வயிறு எழும்பணும், வயிறு எழும்பணும்னு தொண்டை கிழியச் சொல்றேனே!"

"சொல்றீங்க சார், இல்லேங்கலை" என்றார் தபால்காரர் மரியாதையோடு. "ஆனா உங்களுக்கு எழும்பலையே. பலகை மாதிரி அப்படியே நிக்குது. தோள்தான் மேலே போகுது. சரி, சொல்றது ஒரு மாதிரி, செய்முறை வேற மாதிரி போலிருக்குன்னு நாங்களும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டோம். கஷ்டமாத்தான் இருந்துச்சு. நல்லதுன்னா கஷ்டமாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்."

டாக்டர் மூச்சு சாரைப் பார்த்தார். அவருடைய சட்டைப் பொத்தான்களுக்கு இடையே தெரிந்த எலாஸ்டிக்கின் விளிம்பையும் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் ஒரு உபகாரம்தான். கடைக்காரம்மாவின் பெட்டியை மட்டும் வாங்கி, இழுக்கச் சொன்னார். முதல் உருண்டை அசைந்து படுத்துக்கொண்டது.

"நாளைக் காலையில மறுபடி பார்க்கிறேன்" என்றார். "இதே மாதிரி இருந்தா வீட்டுக்குப் போயிட்டுச் சில வாரம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள மறுபடி வலி வந்தா ஆபத்து. அதனாலதான் யோசிக்கிறேன்."

சாப்பாட்டு நேரம் முடிந்து மூச்சு சார் வார்டுக்குப் போனபோது கடைக்காரம்மா பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"கடைக்கு. பூட்டு தொங்கற கடையைப் பார்த்தா பக்கத்துக் கடைக்காரனுக்குச் சந்தோஷம் தாங்காது."

"நாளைக்கு டாக்டர் வராங்களே."

"வரட்டும் தம்பி. உருண்டை எழும்பாது. அது உங்க குத்தம் இல்ல." துணியை மடித்தபடியே சொன்னார். "எல்லாம் இந்த உடம்பு. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல போட்டோ எடுக்க வரிசையா நிக்க வெச்சாங்க. எங்க அம்மா ஓரமா நின்னு, 'வயித்தை உள்ளே இழு, வயித்தை உள்ளே இழு'ன்னு ஜாடை காட்டினாங்க. இழுத்தேன். போட்டோ எடுத்தாச்சு. 'போதும், விடு'ன்னு சொல்ல எல்லாரும் மறந்துட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூச்சு சாருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண்மணி தன் உடம்பின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு, வலியையும் கல்லையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறார். பழி அந்த உடம்பின் மேல் இல்லை. அது எங்கே இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா. போயிடாதீங்க. கூடத்துக்கு வாங்க. தபால்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாகச் சாமான் அறைக்குப் போனார்.

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார். கடவுளே, எல்லோர் முன்னாலும் என்னை அசிங்கப்படுத்தாதே என்று கேட்கத்தான் வாயெடுத்தார். கேட்கும்போதே அந்த வேண்டுதல் சரியில்லை என்று பட்டது. கொடுத்தவரிடமே போய், நீ கொடுத்ததைக் காட்ட வெட்கமாக இருக்கிறது என்று சொல்வதா? வேண்டுதலை மாற்றினார். அந்த அம்மாவுக்கு மூச்சு வரட்டும் என்றார். பிறகு பெல்ட்டைப் பிரித்தார். சர்ர்ர்.

அடுத்த சிக்கல் உடனே தெரிந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பெல்ட்டுக்குத் தைத்த சட்டை, வயிற்றைக் கண்டதும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. இழுத்துப் பார்த்தார். ஒரு பொத்தான் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது. அலமாரியில் துவைத்து அடுக்கியிருந்த நோயாளி அங்கிகளில் பெரியதாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற அங்கி. ஒரு முடிச்சுதான் எட்டியது.

கதவைத் திறந்து இரண்டு அடி வைத்தவுடன், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பணிப்பெண் எதிரே வந்தார். அவர் மூச்சு சாரைப் பார்த்ததே இல்லை.

"ஐயையோ, யாரு உங்களை எழுந்திருக்கச் சொன்னது? இப்படிக்கூட வெளிய வருவாங்களா? எந்த வார்டு?"

"நான் நோயாளி இல்லம்மா. நான்தான் மூச்சு..."

"மூச்சு வாங்குதா? தெரியுது, தெரியுது. பேசாதீங்க." அதற்குள் ஒரு சக்கர நாற்காலி வந்துவிட்டது. பணிப்பெண்ணுக்குக் கையில் நல்ல பலம். உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே, "ஆபரேஷன் முடிஞ்சுதா, இனிமேத்தானா? வயித்துல வீக்கம் இருக்கே" என்றார்.

"அது வீக்கம் இல்லம்மா. அது நான்தான்."

பயிற்சிக் கூடத்தில் கடைக்காரம்மா, தபால்காரர், வேடிக்கை பார்க்க வந்த இன்னும் சிலர், எல்லோரையும் பார்க்க வந்த தலைமை நர்ஸ் இருந்தார்கள். மூச்சு சார் சக்கர நாற்காலியில் அங்கியோடு வந்து சேர்ந்தார்.

"என்ன ஆச்சு சார்?" என்றார் தபால்காரர் பதறிப்போய். "காலையில நல்லாத்தானே இருந்தீங்க? நான் சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டீங்களா?"

மூச்சு சார் எழுந்து நின்றார். "காலையில பெல்ட் கட்டியிருந்தேன். இப்ப கழட்டிட்டேன். மூணு வருஷமாக் கட்டறேன். தொப்பை தெரியக் கூடாதுன்னு. அதனாலதான் எழும்பலை. என்னைப் பார்த்து நீங்க எல்லாரும் தப்பாக் கத்துக்கிட்டீங்க. மன்னிச்சுக்குங்க."

இதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"எனக்குத் தெரியுமே" என்றார் தலைமை நர்ஸ்.

"தெரியுமா?"

"தினமும் சர்ருன்னு சத்தம் கேட்டா தெரியாதா? சின்ன நர்ஸ்ங்க என்ன சத்தம், என்ன சத்தம்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உள்ள எலி இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். உங்க பிஸ்கட் தூளும் இருந்துச்சா, நம்பிட்டாங்க. நீங்க உள்ள இருக்கறப்ப ஒருத்தி கதவைத் திறந்திருப்பாளா? யோசிச்சுப் பாருங்க."

மூச்சு சார் யோசித்துப் பார்த்தார். மூன்று வருடங்களில் ஒரு முறைகூட யாரும் கதவைத் தட்டியதில்லை. தன் ரகசியத்தைத் தானே காப்பாற்றிவருவதாக அவர் நினைத்திருந்தார். நம்மில் பலருடைய மானமும் இப்படி நமக்குத் தெரியாமல் யாரோ பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நிற்கிறது.

அவர் பயிற்சி மேசையின் மேல் ஏறி மல்லாந்து படுத்தார். மருந்து ஊற்றிக் கொடுக்கிற சின்னக் காகிதக் குவளை ஒன்றைக் கேட்டு வாங்கி, வயிற்றின் உச்சியில் வைத்தார். கண்ணை மூடவில்லை.

"எல்லாரும் குவளையைப் பாருங்க. தோளைப் பாக்காதீங்க."

மூச்சை இழுத்தார். அங்கிக்குள் அந்த வயிறு மெதுவாக, பெருமையோடு எழும்பியது. குவளை மேலே போனது. இறங்கியது. மறுபடி போனது. மூன்று வருடம் கட்டிப்போட்டிருந்ததை அவிழ்த்துவிட்டால் எவ்வளவு உற்சாகம் இருக்குமோ அவ்வளவும் அந்த ஏற்றத்தில் இருந்தது.

தபால்காரர் கிட்டே வந்து, "தொட்டுப் பாக்கலாமா சார்?" என்று அனுமதி கேட்டுவிட்டு உள்ளங்கையை வைத்தார். "அடடா! இது தெரியாம மூணு நாளா என் தோள்பட்டையைக் கொன்னுட்டேனே!"

"எனக்கு வெச்சா அந்தக் குவளை நிக்காது. உருண்டு ஓடிடும்" என்றார் நாற்காலியில் இருந்த ஒருவர்.

"உங்களுக்கு எங்க நிக்கும்? ஒல்லியா இருக்கீங்க, சரிவு" என்றார் தலைமை நர்ஸ். "சாருக்கு மொட்டை மாடி மாதிரி. குவளை என்ன, டிரேயையே வைக்கலாம்."

மூச்சு சாருக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியது. குவளை துள்ளித் துள்ளி ஓரத்துக்குப் போய், விழலாமா வேண்டாமா என்று நின்று, பிறகு குதித்து, தலைமை நர்ஸின் காலடியில் விழுந்தது.

அதைப் பார்த்துக் கடைக்காரம்மா சிரித்தார். கடைத்தெருவில் நாலு கடை தள்ளிக் கேட்கிற சிரிப்பு. கையால் வாயை மூடப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்து, வயிறு குலுங்கக் குலுங்கக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மூச்சு சார் படுத்தபடியே கையை நீட்டிக் கத்தினார். "அதேதான்! அம்மா, நிறுத்தாதீங்க! இப்ப குலுங்குது பாருங்க, அந்த இடம்தான்! அங்கேர்ந்துதான் மூச்சு வரணும். அதைப் பிடிச்சு வைக்காதீங்க. விடுங்க!"

"விடட்டுமா?"

"போதும்மா. விட்டுடுங்க."

கடைக்காரம்மா சிரிப்பை நிறுத்தினார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் யாருடைய பார்வையிலும் அவர் இத்தனை வருடங்களாகப் பயந்த அந்த விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்துப் போட்டோவுக்காக இழுத்துப் பிடித்ததை, மெள்ள மெள்ள, அணையின் மதகைத் திறப்பது போல விட்டார். அவருடைய வயிறு முன்னால் வந்து மடியில் இதமாக உட்கார்ந்தது. பெட்டியை எடுத்து வாயில் வைத்து இழுத்தார்.

முதல் உருண்டை மேலே போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது நடுங்கியது, எழும்பியது, விழுந்தது.

"விழுந்துடுச்சே!"

"எழும்பினதைப் பாத்தீங்களா இல்லையா?" என்றார் மூச்சு சார். "மறுபடி."

பணிப்பெண் இன்னும் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலைமை நர்ஸின் காதில், "அப்ப இவரை எந்த வார்டுல விடணும்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் மூச்சு சார் அங்கியின் மேல் மழைக் கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மழை இல்லை. மனைவி கதவைத் திறந்து, கோட்டைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார், பிறகு முதுகுப் பக்கம் போய்க் கோட்டை விலக்கிப் பார்த்தார். காலையில் விழுந்த கோடுகள் மங்கிக்கொண்டிருந்தன. சாப்பாட்டை எடுத்துவைத்தார். அவர் நிதானமாக, உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டார். பிஸ்கட் ஞாபகமே வரவில்லை.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு நடக்கப் போறே?" என்று கேட்டார்.

"குறைஞ்சிடுச்சா?"

"இல்ல."

"அப்ப வாங்க" என்றார் மனைவி. "அந்தப் பழைய பெரிய சட்டையைப் போட்டுக்குங்க. தூக்கிப் போடாமத்தான் வெச்சிருக்கேன்."

மறுநாள் காலை மயக்க மருந்து டாக்டர் வந்தார். கடைக்காரம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, நாத்தனார் முன்னாலேயே வயிற்றைத் தாராளமாக விட்டு, பெட்டியை வாயில் வைத்து இழுத்தார். இரண்டு உருண்டைகளும் மேலே போய் நின்றன. மூன்றாவது லேசாகத் தலையாட்டியது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே, "சரி, இன்னிக்கே வெச்சுக்கலாம்" என்றார். அதிகம் பேசாத அந்தப் பெண்மணி போகிற போக்கில் மூச்சு சாரிடம், "இந்தச் சட்டை நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அன்று மாலை கடைக்காரம்மாவைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தபோது பாதி மயக்கம், பாதி நினைவு. மூச்சு சார் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, மெதுவா... இழுங்க" என்றார்.

கண்ணைத் திறக்காமலே கடைக்காரம்மா மூச்சை இழுத்தார். போர்வைக்குக் கீழே அந்தப் பெரிய வயிறு, வலிக்குப் பயந்து ஒரு கணம் தயங்கி, பிறகு எழும்பியது. நாத்தனாருக்கு என்னவோ போல இருந்தது. போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்று எழுந்து, கையிலிருந்த துண்டை மடித்து அந்த மேட்டின் மேல் போட்டு மறைக்கப் போனார்.

"வேணாம்மா, எடுத்துடுங்க" என்றார் மூச்சு சார் தாழ்ந்த குரலில். "அது வேலை செய்யுது."

நாத்தனார் துண்டை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்த ஏற்ற இறக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இழுங்க அண்ணி... அப்படித்தான்... விடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். மூச்சு சார் கட்டிலடியில் கிடந்த செருப்பைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.